கறிவேப்பிலைச் சாறு பழுப்பாகிவிட்டது, அப்புறம்?

பினாங்கில் வேதியியல் இறுதியாண்டு படிக்கும் ஒரு தங்கச்சியின் கேள்வி இது: "அண்ணா, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கறிவேப்பிலை மரத்து இலையைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றினேன். அரை மணி நேரத்தில் பழுப்பாகிவிட்டது. இதை வினையூக்கியாக வைத்து மெத்திலீன் நீலச் சாயத்தை அழிக்கும் புராஜெக்ட் செய்யலாம் என்று இருக்கிறேன். நானோதுகள் வந்துவிட்டது என்று நிறத்தை வைத்தே சொல்லலாமா? இதைவிட நல்ல இலை எது? இது உண்மையிலேயே பசுமை முறைதானா என்று கேட்டால் என்ன சொல்வது?"

நடுவில் இருக்கும் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் சின்னது. எந்த இலையானாலும் சரி. முருங்கை, துளசி, வேப்பிலை, செராய், மங்குஸ்தான் தோல், ரம்புத்தான் தோல், ஒன்றுமே கிடைக்காவிட்டால் தேத்தூள். எதை ஊற்றினாலும் வெள்ளி பழுப்பாகும். வெள்ளி அயனி எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளத் துடிக்கும் ஆள். அதன் ஒடுக்க மின்னழுத்தம், அதாவது எலக்ட்ரான் வாங்கும் ஆசையின் அளவு, +0.80 வோல்ட். இலைச்சாற்றில் பாலிபீனால்கள், பிளேவனாய்டுகள், சர்க்கரைகள், புரதங்கள் என்று எலக்ட்ரான் கொடுக்கத் தயாராக ஒரு கூட்டமே இருக்கிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே குடுவையில் சந்தித்தால் வினை நடக்காமல் என்ன செய்யும்? எலக்ட்ரான் வாங்கிய வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடினால் அதுதான் நானோதுகள், நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் அளக்கும் பொடி.

பூனாவில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு 2003இல் ஜெரேனியம் இலையில் வெள்ளியும், 2004இல் வேப்பிலையில் தங்கமும் வெள்ளியும் செய்து காட்டியது. அதே 2004இல் எலுமிச்சைப் புல்லின் சாற்றில் முக்கோண வடிவத் தங்கத் தகடுகளையும் எடுத்தார்கள். எலுமிச்சைப் புல் என்றால் நம் ஊர் செராய்தான், மீன் கறியில் போடுவது. அன்றைக்கு அது புதுசு. அதற்குப் பிறகு வந்த இருபது வருடத்தில் தாவரவியல் அகராதியில் இருக்கிற செடிகளை வரிசையாகப் பிடுங்கிப் போட்டு ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதியாகிவிட்டது. கறிவேப்பிலையிலும் செய்தாயிற்று. ஆகவே இலை தேடி பாலேக் பூலாவ் மலையேற வேண்டாம். பின்கட்டு மரமே போதும்.

நிறத்துக்கு வருகிறேன். வெள்ளி நானோதுகளின் மேற்பரப்பில் உள்ள எலக்ட்ரான்கள் ஒளி பட்டதும் ஒன்றாகச் சேர்ந்து ஊசலாடும். அதனால் 400 முதல் 450 நானோமீட்டர் வரை ஒளியை உறிஞ்சும். மஞ்சளும் பழுப்பும் அப்படித்தான் வருகிறது. தங்கத்துக்கு இது 520க்கு மேலே, அதனால் மாதுளை முத்துச் சிவப்பு. சரி, ஆனால் பழுப்பானதெல்லாம் வெள்ளியா? நறுக்கிய ஆப்பிளும் பழுப்பாகும். இலைச்சாறு காற்றில் கிடந்தாலே ஆக்சிஜனேற்றமாகிக் கறுக்கும். எனவே மூன்று குப்பி வையுங்கள்: சாறும் வெள்ளி நைட்ரேட்டும் கலந்தது ஒன்று, சாறும் வெறும் தண்ணீரும் ஒன்று, வெள்ளி நைட்ரேட்டும் வெறும் தண்ணீரும் ஒன்று. மூன்றையும் அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வையுங்கள். ஜன்னலோரம் வைத்தால் வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும், பெயர் மட்டும் கறிவேப்பிலைக்குப் போகும். பிறகு மூன்றையும் யூவி-விசிபிள் நிறமாலைமானியில் (எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று வரைந்து காட்டும் கருவி) ஓட்டுங்கள். முதல் குப்பியில் மட்டும் 400 முதல் 450க்குள் மேடு எழுந்தால் நல்ல சகுனம். மேடு குறுகலாக இருந்தால் துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவு. அகலமாகப் படுத்துக் கிடந்தால் பெரிசும் சிறிசும் கலந்திருக்கும், அல்லது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, பலர் விழும் குழி. குளோரைடு. நான் வேலை பார்த்த ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் அயனி நீக்கிய தண்ணீர் தீர்ந்துபோனது. ஒரு மாணவர் அவசரத்தில் குழாயைத் திறந்து பிடித்துவிட்டார். வெள்ளி நைட்ரேட்டைப் போட்ட மறுநொடி கரைசல் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்தது. குழாய்த் தண்ணீரில் குளோரைடு உண்டு, அது வெள்ளி குளோரைடாக வீழ்படிந்துவிட்டது. அப்படிக் கண்ணுக்குத் தெரிந்தால் பரவாயில்லை, கொட்டிவிட்டு மறுபடி தொடங்கலாம். தெரியாத குளோரைடு இலைக்குள்ளேயே இருக்கிறது. செடி மண்ணிலிருந்து உறிஞ்சியது சாற்றிலும் வரும். அது வெள்ளியோடு சேர்ந்து சத்தமில்லாமல் வெள்ளி குளோரைடு நுண்துகளாகும்.

எக்ஸ்ஆர்டி (படிகத்தில் பட்ட எக்ஸ்-கதிர் எந்தக் கோணத்தில் சிதறுகிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தாமிர எக்ஸ்-கதிர்க் குழாயில் உலோக வெள்ளிக்குக் கோடுகள் ஏறக்குறைய 38, 44, 64, 77 பாகையில் வரும். 28, 32, 46 பக்கத்தில் கூர்மையாக எழுந்தால் அது வெள்ளி குளோரைடு. வெளிவந்த கட்டுரைகளிலேயே இந்த மூன்று கோடுகளுக்கு 'தாவரக் கரிமப் பொருள்' என்று பெயர் சூட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கறிவேப்பிலை அவ்வளவு அழகாகப் படிகமாகாது. உங்கள் வரைபடத்தில் அந்தக் கோடுகள் வந்தால் மறைக்காதீர்கள். அதை எழுதினாலே உங்கள் அறிக்கை பாதிப் பேரைத் தாண்டிவிடும்.

செய்முறையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கஷாயம் வைக்கத் தெரிந்தால் போதும். கழுவி நிழலில் உலர்த்திய இலை 10 கிராம், அயனி நீக்கிய தண்ணீர் 100 மில்லி, 70 பாகை சூட்டில் கால் மணி நேரம், ஆறவிட்டு வடிகட்டல். 1 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் 90 மில்லிக்குச் சாறு 10 மில்லி. பிஎச் கூடினால் வினை வேகமாகும், எனவே ஒவ்வொரு முறையும் பிஎச்சைக் குறித்துவையுங்கள். நம் ஊர் சூட்டில் சாறு வெளியே கிடந்தால் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கையுறை போடுங்கள், வெள்ளி நைட்ரேட் பட்ட விரல் மறுநாள் கறுத்து, தோல் உரியும் வரை அப்படியே இருக்கும்.

இனி வினையூக்கி. துகளை ஏன் இவ்வளவு சின்னதாக்க வேண்டும்? வினை நடப்பது உலோகத்தின் மேற்பரப்பில், உள்ளே இருக்கிற அணுக்கள் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. ஒரு சென்டிமீட்டர் வெள்ளிக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர், ஒரு தபால்தலை அளவுதான். அதையே 10 நானோமீட்டர் கட்டிகளாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர். ஏழு பூப்பந்து மைதானம் வரும். அதே வெள்ளி, அதே எடை.

இப்போது மெத்திலீன் நீலம். தங்கச்சி, உங்கள் புராஜெக்டில் எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான், அதனால் ஒரு பழைய கதை சொல்கிறேன். நாங்களும் இதையே செய்தோம். சாயக் கரைசலில் சோடியம் போரோஹைட்ரைடு (எலக்ட்ரானை வாரிக் கொடுக்கும் ஒடுக்கி) போட்டு, இலையில் செய்த வெள்ளியை இரண்டு சொட்டு விட்டோம். சில நிமிடத்தில் நீலம் போய்த் தண்ணீர் மாதிரி ஆனது. 664 நானோமீட்டரில் இருந்த மேடு தரைமட்டம். ஆளாளுக்குக் கைப்பேசியில் படம் எடுத்தோம். 'சாயம் 98 சதவீதம் அழிந்தது' என்று ஒருவர் வெண்பலகையில் எழுதியும் விட்டார். குப்பியை மூடாமல் மேசையில் வைத்துவிட்டு நாசி கண்டார் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் குப்பியின் மேல்பகுதியில் ஒரு விரல்கடை அளவுக்கு நீலம். எடுத்துக் குலுக்கினோம். முழுக்க நீலம்.

நடந்தது இதுதான். மெத்திலீன் நீலத்துக்கு எலக்ட்ரான் கொடுத்தால் அது நிறமற்ற லியூக்கோ வடிவமாகும். மூலக்கூறு உடையவே இல்லை, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டது. போரோஹைட்ரைடு இருக்கிற வரை நிறமில்லாமல் இருக்கும். அது தீர்ந்ததும் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும், நீலம் திரும்பிவிடும். பள்ளிக்கூடங்களில் குளுக்கோசை வைத்துக் காட்டும் 'நீலக் குப்பி' வித்தையும் இதே வினைதான். ஆகவே போரோஹைட்ரைடு போட்டு நிறம் போனதை 'சிதைவு' என்று எழுதாதீர்கள், 'ஒடுக்கம்' என்று எழுதுங்கள். சிதைவுதான் காட்ட வேண்டும் என்றால் மொத்தக் கரிமக் கார்பன் குறைந்ததைக் காட்ட வேண்டும், அல்லது கலவையைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராமில் உடைந்த துண்டுகளைக் காட்ட வேண்டும். கிளந்தான் பாத்திக் பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யப் போகிறோம் என்று முன்னுரையில் எழுதிவிட்டு, உள்ளே நிறத்தை மட்டும் அளப்பது சரியல்ல. அங்கே ஆற்றில் போகும் தண்ணீரில் காற்று இருக்கிறது.

வினையூக்கியின் வேகத்தை அளப்பதுதான் நோக்கம் என்றால் 4-நைட்ரோபீனால் என்ற சேர்மத்தைப் போரோஹைட்ரைடால் ஒடுக்கும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் காரக்பூர் ஐஐடியைச் சேர்ந்த தாராசங்கர் பாலின் குழு வெள்ளித் துகளை வைத்து இதை எழுதியது. பிறகு ஜெர்மனியில் மத்தியாஸ் பல்லாஃப் குழு இதன் வினைவேகத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தது. இன்று உலோக நானோதுகளுக்கு இதுதான் உரைகல். நைட்ரோபீனாலில் போரோஹைட்ரைடு சேர்த்ததும் கரைசல் பளிச்சென்ற மஞ்சளாகி 400 நானோமீட்டரில் மேடு வரும். வினையூக்கி இல்லாவிட்டால் அந்த மஞ்சள் நகரவே நகராது. துகளை விட்டால் 400 இறங்கும், 300 பக்கத்தில் சின்ன மேடு எழும். அது 4-அமினோபீனால், பாராசிட்டமால் செய்வதற்கு மூலப்பொருள். காற்றுப் பட்டால் இது மறுபடி நைட்ரோபீனாலாகத் திரும்பாது. ஒரு பொருள் போய் இன்னொன்று வந்ததைக் கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் இந்தச் சோதனையின் அழகு.

நைட்ரோபீனால் 0.1 மில்லிமோலார், போரோஹைட்ரைடு 10 மில்லிமோலார் என்று நூறு மடங்கு வைத்தால் போரோஹைட்ரைடின் செறிவு மாறவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். உறிஞ்சலின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரும், அதன் சரிவுதான் வேக மாறிலி. தொடக்கத்தில் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காதது போல் கோடு படுத்திருக்கும். பயப்படாதீர்கள். துகளின் மேற்பரப்பு தன்னைத் திருத்திக்கொள்ளும் நேரம் அது என்று பல்லாஃப் பக்கத்தார் சொல்வார்கள், கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர எடுக்கும் நேரம் என்று வேறு சிலர் சொல்வார்கள். உங்கள் துகளுக்கு இலைப் போர்வையும் உண்டு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது அந்தப் பாலிபீனால் போர்வைதான், வினை நடக்க வேண்டிய இடத்தை மூடிக்கொண்டிருப்பதும் அதுவே. போர்வை தடித்தால் துகள் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும், வேலை மட்டும் செய்யாது. இன்னொன்று, போரோஹைட்ரைடு ஹைட்ரஜன் குமிழி விடும். குமிழி, அளவெடுக்கும் சின்னக் குப்பியான கியூவெட்டின் சுவரில் ஒட்டி வரைபடத்தைப் பல்பல்லாக்கும். மெல்லத் தட்டிவிட்டு அளவெடுங்கள். அந்தக் கரைசலை இறுக மூடிய குப்பியில் ஒருநாளும் வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான வெற்றுச் சோதனை ஒன்று இருக்கிறது. பழுப்பான கரைசலை அப்படியே எடுத்து விட்டால், அதில் இலையிடம் சிக்காத வெள்ளி அயனியும் மிச்சமிருக்கும். போரோஹைட்ரைடு அதைக் கண்ட மாத்திரத்தில் வெள்ளித் துகளாக்கிவிடும், வெள்ளி செய்வதற்குப் பாடப்புத்தகமே சொல்லும் வழி அதுதான். அப்போது வினையை ஊக்குவது கறிவேப்பிலை செய்த துகளா, அந்த நிமிடம் பிறந்த துகளா? எனவே துகளை மையவிலக்கியில் சுழற்றி, அடியில் தங்கியதை இரண்டு மூன்று முறை கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். கூடவே சாறு மட்டும் போட்ட ஓட்டம், வெள்ளி நைட்ரேட் மட்டும் போட்ட ஓட்டம் இரண்டையும் காட்டுங்கள். இந்த இரண்டு கோடும் இல்லாத வரைபடத்தை நான் நம்புவதில்லை. நான் கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தால் முதலில் இதைத்தான் கேட்பேன்.

இரும்பில் செய்யலாமா என்று உங்கள் தோழிகள் யாராவது கேட்கலாம், விலை குறைவு என்பதால். 2009இல் அமெரிக்காவில் ராஜேந்தர் வர்மா உள்ளிட்ட குழு தேயிலைச் சாற்றில் இரும்பு நானோதுகள் செய்ததாக எழுதியதும் பலர் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். ஆனால் இரும்பு வெள்ளியைப் போல எளிதில் இறங்கி வருகிற ஆள் இல்லை. அதன் மின்னழுத்தம் −0.44 வோல்ட். தேநீர் அந்த அளவுக்குப் பலசாலியா? 2014இல் வந்த ஆய்வொன்று பச்சைத் தேயிலையில் கிடைத்த கறுப்புத் துகளை ஆராய்ந்து, அது உலோக இரும்பு இல்லை, இரும்பும் பாலிபீனாலும் பிணைந்த கூட்டுப்பொருள் என்று காட்டியது. நம் ஆட்களுக்கு இது புதுசு இல்லை. கலம்காரித் துணியில் கடுக்காய் ஏற்றி, அதன்மேல் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரால் கோடு போட்டால் கறுப்பு பிடிக்கும். அதே கறுப்புதான் இது. வினையூக்கியாக அது வேலை செய்யலாம், செய்கிறது. பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். துத்தநாக ஆக்சைடிலும் இதே கதை. அங்கே இலை எதையும் ஒடுக்குவதில்லை, துத்தநாகம் கடைசி வரை +2 ஆகவே இருக்கிறது. 400, 500 பாகையில் சுடும்போது இலைச் சாமான் எல்லாம் எரிந்துபோகும்.

கடைசிக் கேள்வி, பசுமைதானா? பால் அனஸ்டாசும் ஜான் வார்னரும் 1998இல் பசுமை வேதியியலுக்குப் பன்னிரண்டு கோட்பாடுகள் வைத்தார்கள். புதுப்பிக்கத்தக்க மூலப்பொருள் அதில் ஒன்று, வினையூக்கி இன்னொன்று. உங்களுக்கு இரண்டு மதிப்பெண் நிச்சயம். மீதிப் பத்தை யாரும் எண்ணுவதில்லை. நீங்களே எண்ணிப் பாருங்கள். 90 மில்லி கரைசலில் உள்ள வெள்ளி முழுக்கத் துகளானாலும் 9.7 மில்லிகிராம். அதற்குச் செலவான இலை 1 கிராம், அதாவது துகளைப்போல நூறு மடங்கு எடை. தண்ணீரையும் சேர்த்தால் பத்தாயிரம் மடங்கு. சாறு காய்ச்சிய மின்சாரம், மையவிலக்கி ஓடிய நேரம் தனி. அப்புறம் அந்தப் பசுமைத் துகளைச் சோதிக்க நச்சுத்தன்மை உள்ள நைட்ரோபீனாலும் நூறு மடங்கு போரோஹைட்ரைடும்! இதைச் சொல்லித் தேர்வாளர் சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரியுங்கள், பிறகு நியாயத்தைச் சொல்லுங்கள். போரோஹைட்ரைடால் துகள் செய்து, பிவிபி மாதிரியான பாலிமரால் போர்த்தும் முறையோடு ஒப்பிட்டால், துகள் செய்யும் கட்டத்தில் நச்சு ஒடுக்கியும் இல்லை, தனியாகப் போர்வைப் பொருளும் இல்லை. அந்த அளவுக்குத்தான் பசுமை. அதற்கு மேல் உரிமை கோராதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்? இலையை மாற்ற மாட்டேன், அதே மரத்தை வைத்துக்கொண்டு வேறு கேள்வி கேட்பேன். இலைச்சாற்று முறையின் பெரிய நோய், இன்று வந்தது நாளை வராது என்பதுதான். ஜனவரி வெயிலில் பறித்த இலையும் அக்டோபர் மழையில் பறித்த இலையும் ஒரே துகளைத் தருமா? தளிரும் முற்றிய இலையும்? ஒவ்வொரு சாற்றிலும் மொத்த பீனாலின் அளவை நிறத்தை வைத்து அளக்கும் ஃபோலின்-சியோகால்ட்டு முறையில், காலிக் அமிலத்தை அளவுகோலாக வைத்து எடுத்து, அதோடு துகளின் அளவையும் வேக மாறிலியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பீனாலைச் சமப்படுத்தினால் துகளும் சமமாகிறதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் சாற்றில் வேறு யாரோ வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம், அது இன்னும் நல்ல செய்தி. வேக மாறிலியைப் போட்ட வெள்ளியின் எடையால் வகுத்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டு சொட்டு கூட விட்டவர் வென்றுவிடுவார். துகளின் அளவுக்கு டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் எடுங்கள். டிஎல்எஸ் (கரைசலில் ஒளி சிதறுவதை வைத்து அளவு சொல்லும் முறை) தருவது போர்வையும் தண்ணீரும் சேர்ந்த அளவு, எப்போதும் பெரிதாகவே காட்டும்.

முடிந்ததும் மிச்சக் கரைசலைத் தொட்டியில் கொட்டாதீர்கள். வெள்ளி கிருமியைக் கொல்லும், நல்ல கிருமி கெட்ட கிருமி என்று பார்க்காது. தனிக் குப்பியில் சேர்த்து, பெயரும் தேதியும் எழுதி, ஆய்வுக்கூடத்தின் கழிவுப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். போரோஹைட்ரைடு கலந்ததென்றால் குமிழி அடங்கும் வரை அந்தக் குப்பியின் மூடியைத் திருகி இறுக்க வேண்டாம்.